மாப்ளை எஞ்சினுக்குச் சாயம் பூசறாரு

வாங்க மாப்ள, உக்காருங்க. அம்மிணி காத்தாலயே போன்ல எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. அம்பாசிடரோட டேப்பட் கவரை, அதுதானுங்க எஞ்சின் தலைமேல இருக்கற மூடியை, கழட்டி, ஊட்டு முன்னாலயே வெச்சு, செகப்பு பெயிண்ட் அடிக்கப் போறீங்களாமா. நெம்ப சந்தோசமுங்க. டிக்கிக் கதவைக் கயித்துல கட்டி ஓட்டற வண்டிக்கு அவசரமா வேண்டியது அதுதானுங்க.

பானட்டைத் தொறந்து அதை ஆரு பாக்கப் போறாங்கன்னு கேக்கற ஆளு நானில்லீங்க. பாக்கறதுக்கு ஆளா இல்லை? மெக்கானிக் பாப்பாரு. ஆர்.சி. புதுப்பிக்கப் போனா எஞ்சின் நம்பரைத் தேடற ஆபீசரு பாப்பாரு. ராத்திரி சூட்டுக்கு வந்து படுக்கற எலி தெனந்தெனம் பாக்கும். ஒரு சவுரியம் என்னன்னா, பாடிக்குக் கலர் மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி ஆர்.சி.ல எழுதி வாங்கோணும். இந்த மூடிக்கு நீங்க என்ன நெறம் அடிச்சாலும் சர்க்காரு ஏன்னு கேக்காது. கேள்வி கேப்பாரில்லாத எடம் நாட்டுல இன்னும் ஒண்ணு ரெண்டு பாக்கி இருக்குதுங்க. அதுல ஒண்ணை நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க.

உங்க எஞ்சின் லேசுப்பட்ட குடும்பமும் இல்லீங்க. பி.எம்.சி. பி-சீரிஸ், 1489 சி.சி. இங்கிலாந்துல 1955-ல எம்.ஜி.ஏ.ன்னு ரெண்டு பேரு உக்கார்ற ஸ்போர்ட்ஸ் வண்டி வந்துதே, அதுலயும் இதே 1489 தான். அவிங்க ரெண்டு கார்புரேட்டர் போட்டு வெரட்டுனாங்க. நாம ஒத்தைக் கார்புரேட்டர்ல, முன்னால மூணு பேரு, பின்னால அஞ்சு பேரு, டிக்கியில தேங்கா மூட்டைன்னு பழனிமலைக்கும் குருவாயூருக்கும் ஓட்டுனோம். எஞ்சினு ரெண்டு எடத்துலயும் பேசாமப் பொழைச்சுது. உத்தர்பாரா ஃபேக்டரியில 2014-ல அம்பாசிடர் செய்யறதை நிறுத்திப்போட்டாங்க. அதனால இந்த மூடியை நசுக்கி வெச்சீங்கன்னா புதுசுக்குப் பழைய சாமான் கடை கடையா ஏறி எறங்கோணும், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

செகப்பு ஏன்னு தெரியுமுங்க. 1956-ல ஃபெராரிக்காரன் ஒரு பந்தய வண்டிக்கு எஞ்சின் மூடியில செகப்படிச்சான். அந்த மூடி நெறத்தை வெச்சே வண்டிக்குப் பேரும் விட்டான். போன்ல அந்தப் படத்தைத்தான் பாத்திருப்பீங்க. ஆனா அவன் மொதல்ல ஓடற எஞ்சினைப் பண்ணுனான், அப்பறமாத்தான் செகப்படிச்சான். அந்த வரிசையைப் படத்துல போட்டிருக்க மாட்டாங்க.

ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. பழைய பெயிண்ட் ஏன் உரிஞ்சுது? வெயிலு படாத எடம், மழை படாத எடம். வேற என்ன, எண்ணெதான். ஆயில் ஊத்தறப்ப புனலு தேட சோம்பல் பட்டு நேரா ஊத்தறோம், பாதி மூடிமேல வழியுது. மீதி, பேக்கிங் வழியாக் கசியுது. கசிஞ்ச எண்ணெ பெயிண்டுக்கு அடியில பூந்துட்டா, மேல எந்த ஊரு சாயம் பூசுனாலும் நிக்காது. அதனால டப்பா வாங்கறதுக்கு முன்னால ஒரு சின்ன சோலி பண்ணுங்க. மூடியும் ஹெட்டும் சேர்ற கோட்டைச் சுத்தி நல்லாத் தொடச்சுப்போட்டு, முகத்துக்குப் போடற பவுடரைக் கொஞ்சம் தூவி, எஞ்சினை ஓட விட்டுப் பாருங்க. எங்க ஈரமாகுதோ அங்கதான் ஓட்டை. அம்மிணியோட பவுடரை எடுக்காதீங்க. உங்குளுது ஒண்ணு பாத்ரூம்புல ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு தெரியும்.

கழட்டறது சுலபமுங்க. உச்சியில ரெண்டே நட்டு, பக்கத்துல மூச்சுக் குழாய் ஒண்ணு. ஆனா எத்தனையோ வருசமா ஒட்டிக் கெடக்கற மூடி, நீங்க தூக்குனதும் வந்துராது. உடனே ஸ்க்ரூ டிரைவரைக் குடுத்து நெம்பத் தோணும். நெம்புனீங்கன்னா தகர வெளிம்பு வளைஞ்சுரும், வளைஞ்ச எடத்துல காலத்துக்கும் எண்ணெ ஒழுகும். உள்ளங்கையால நாலு பக்கமும் தட்டுங்க, இல்லீனா மரச் சுத்தியல்ல அலுங்காமத் தட்டுங்க. வந்துரும்.

தூக்குனவுடனே மூடியைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. கறுப்பா, வழவழன்னு எண்ணெப் படலம் இருந்தாச் செரி. மோர்க்கொழம்பு நெறத்துல நொரையா ஏதாச்சும் அப்பியிருந்துதுன்னா, எண்ணெயில தண்ணி கலந்திருக்குது. கடைவீதி வரைக்கும் மட்டுமே வண்டியை ஓட்டி, எஞ்சின் முழுசாச் சூடாகறதுக்குள்ள நிறுத்தறவங்களுக்கு அது வரும், பெருசாப் பயப்பட வேண்டியதில்ல. ரேடியேட்டர்லயும் தண்ணி கொறைஞ்சுட்டே வந்துதுன்னா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. அப்படி இருந்தா செகப்பு டப்பாவைக் கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, அந்தக் காசோட மெக்கானிக்கைப் போயிப் பாருங்க.

மூடி வந்துட்டா எஞ்சின் தலை தொறந்து கெடக்குதுன்னு அர்த்தம். நூலு பிரியாத பழைய வேட்டியை மடிச்சு மேல போத்தி, பானட்டை எறக்கிருங்க. புஷ் ராடு போற ஓட்டை வழியா ஒரு வாசர் உள்ள உழுந்துதுன்னா, அதைத் தேடறதுக்கு அடியில இருக்கற ஆயில் சேம்பரைக் கழட்டற நெலமை வந்தாலும் வரும். பேட்டரி ஒயரையும் கழட்டி வெச்சுருங்க. உங்க பையன் சாவியைத் திருகற பையன். மூடி இல்லாம எஞ்சின் ஓடுனா ராக்கர் வாரியடிக்கற எண்ணெயில மொதக் குளியல் உங்குளுக்குத்தான்.

தொறந்ததே தொறந்தீங்க, டேப்பட்டையும் பாத்துருங்களேன். எட்டு வால்வு. முன்னால இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்குங்க. எட்டாவது வால்வு முழுசா அமுங்கி நிக்கறப்ப ஒண்ணாவதுக்குக் கேப்பு வெக்கோணும். ஏழு அமுங்கறப்ப ரெண்டு, ஆறு அமுங்கறப்ப மூணு. ரெண்டையுங் கூட்டினா எப்பவும் ஒம்பது வரோணும், அவ்வளவுதானுங்க கணக்கு. வண்டிப் புஸ்தகத்துல போட்டிருக்கற அளவு ஃபீலர் கேஜை நடுவுல விட்டா, லேசா உரசிட்டு வரோணும். இது முடிஞ்சாலே எஞ்சின் சத்தம் பாதி அடங்கும். சத்தம் அடங்குனதை வாசல்ல போறவங்களும் கேப்பாங்க. செகப்பை எலி மட்டுந்தான் பாக்கும்.

இனித்தானுங்க வேலையே. கழுவறது. சும்மா தொடச்சுப்போட்டுப் பெயிண்ட் அடிக்கலாம்னு நெனைக்கறீங்க, அது மூஞ்சியிலயே தெரியுது. ஆகாதுங்க. மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி, பழைய பிரஸ்ஸை வெச்சு மடிப்பு மடிப்பாத் தேயுங்க. கருப்புத் தண்ணி போறது நின்னாச் சுத்தமாயிருச்சுன்னு அர்த்தமில்லீங்க. மண்ணெண்ணெயே ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும். அதைச் சுடுதண்ணியும் சோப்புத் தூளும் போட்டு எடுக்கோணும். உள்பக்கம் தடுப்புத் தகடு பத்த வெச்சிருந்தா, அதுக்குப் பின்னால சேறு ஒளிஞ்சிருக்கும். ஊற வெச்சுக் குலுக்கி, வெளிய வர்ற தண்ணி தெளிவாகற வரைக்கும் விடாதீங்க.

சுத்தமாச்சான்னு கேக்கறதுக்கு மூடியையே சாட்சி வெக்கலாம். நல்ல தண்ணியை ஒரு சொம்பு மேல ஊத்துங்க. தண்ணி பாயா விரிஞ்சு, உடையாம எறங்குனா எண்ணெ போயிருச்சு. முத்து முத்தா உருண்டு நின்னா இன்னும் இருக்குது, மறுபடியும் சோப்பு. இந்த எடத்துலதான் பாதிப்பேரு போதும்னு விட்டுப்போடறது. அவிங்க பெயிண்ட் பொங்கலுக்கு அடிச்சா சித்திரை நோம்பிக்குள்ள ஏடு ஏடா உரிஞ்சுரும். பெயிண்ட் கம்பெனிக்காரன் ஏமாத்திப்போட்டான்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிவாங்க.

உங்குளுது தகர மூடி, எதையுந் தாங்கும். மச்சினன் வந்து தன் வண்டியோட அலுமினிய மூடியையும் இதோடயே கழுவிக்கறேன்னு சொன்னாருன்னா, காஸ்டிக் சோடா பக்கம் மட்டும் விடாதீங்க. தகரத்துல கிரீஸை எடுக்கற அதே சோடா, அலுமினியத்தையே தின்னுரும்.

பழைய பெயிண்ட்டை எடுக்க ரிமூவர் தடவிச் சொரண்டுங்க. கையொறை போடுங்க, கண்ணுல தெறிக்காமப் பாத்துக்குங்க, காத்தோட்டமா இருக்கட்டும். அப்பறம் உப்புத்தாளு. முரட்டுத் தாள்ல ஆரம்பிச்சு, 320-ஆம் நம்பர்ல முடியுங்க. கையால தேய்க்கச் சோம்பல் பட்டு, கோயமுத்தூர்ல மணல் அடிச்சுக் குடுக்கறாங்களேன்னு ரோசனை ஓடும். ஓடட்டும், ஆனா குடுத்துராதீங்க. அந்தத் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால பூந்த மணலு, நீங்க எத்தனை தடவை ஊதுனாலும் வராது. எஞ்சின் ஓடி, சூடாகி, எண்ணெ பட்டதுக்கப்பறம் தானா எறங்கி வந்து பேரிங்கைத் தின்னும். மூடிக்கு அழகு பண்ணப் போயி எஞ்சினையே எறக்குன கதை நம்ம பக்கத்துப் பட்டறைகள்ல கேட்டாச் சொல்லுவாங்க. இதே காரணத்துக்காக உள்பக்கம் ஒரு பொட்டு பெயிண்ட் கூட அடிக்கப்படாது. சூடான எண்ணெயில ஏடு விட்டுக் கீழ போயி, ஆயில் பம்பு வலையில அடைச்சுக்கும். பேக்கிங் உக்கார்ற வெளிம்பு, ஆயில் ஊத்தற வாய், மூச்சுக் குழாய் வாய் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப்பு ஒட்டுங்க.

தேச்சு முடிச்சதும் தின்னர்ல தொடச்சு, அதுக்கப்பறம் வெறுங்கையால தொடாதீங்க. தகரம் தெரியற எடமெல்லாம் மெட்டல் பிரைமர். அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க, டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிச்சாப் போதும். படிக்கத்தான் மாட்டீங்க.

பெயிண்ட் கடையில போயி, எஞ்சினுக்குன்னு சொன்னதும் கடைக்காரரு 600 டிகிரி தாங்கற சைலன்ஸர் பெயிண்ட்டை எடுத்து வெப்பாரு. விலையும் அதுக்குத் தகுந்தாப்பல இருக்கும். வேண்டாமுங்க. உங்க ரேடியேட்டர் தண்ணி 80, 90 டிகிரியில நிக்குது. இந்த மூடி 100-ஐ ஒட்டித்தான் சூடாகும். அந்த சைலன்ஸர் பெயிண்ட் கெட்டிப்படோணும்னா அதுக்குக் கடுமையான சூடு காட்டோணும். அந்தச் சூடு மூடிக்குக் கெடைக்கவே கெடைக்காது. கடைசி வரைக்கும் மெத்துன்னு இருந்து, பெட்ரோலுத் துணி பட்டதும் கையோட வந்துரும். எஞ்சின் எனாமல்னு கேளுங்க, 150 டிகிரிக்கு மேல தாங்கும்னு போட்டிருந்தாப் போதும். உங்க கார்புரேட்டர் பக்கத்துலயே இருந்துட்டு அப்பப்ப பெட்ரோல் சிந்தற ரகம். அதனால மொதல்ல ஒரு பழைய தகரத்துல அடிச்சு, நல்லாக் காய விட்டு, பெட்ரோல் நனைச்ச துணியில தொடச்சுப் பாருங்க. துணி செவந்தா அந்த டப்பா ஜன்னல் கம்பிக்கு.

ஹார்ட்னர் கலக்கற பி.யூ. பெயிண்ட் நெம்ப ஒழைக்கும், ஒப்புக்கறேன். ஆனா அதுல ஐசோசயனேட்டுன்னு ஒண்ணு இருக்குது, மூச்சுக்குழலுக்கு ஆகவே ஆகாது. மூஞ்சியில துண்டைக் கட்டிட்டு அதை அடிக்கறவங்களைப் பாத்திருக்கறேன். துண்டு ஒண்ணுந் தடுக்காதுங்க. அது தொழில்காரங்க அதுக்குண்டான முகமூடி போட்டு, அதுக்குண்டான எடத்துல பண்றது. நீங்க ஸ்ப்ரே கேனோட நில்லுங்க.

சுருக்கம் விழற பெயிண்ட்டுன்னு ஒண்ணு விக்கறாங்க, பாத்தீங்களா? கெட்டியா ரெண்டு மூணு கை அடிச்சு, சூடு காட்டுனா மேல்தோலு மட்டும் முன்னால காஞ்சு சுருங்கிக்கும். நசுங்கல், கீறல் எல்லாத்தையும் மறைச்சுரும், பழைய கம்பெனி வண்டிக மூடிக்கு அது நல்லாவும் இருக்கும். காசு குடுத்துச் சுருக்கம் வாங்கறதான்னு மட்டும் எனக்கு ஒரு தயக்கம். எனக்கு ஓசியிலயே வந்துதுங்க.

நெறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. வண்டியை வெச்சுக்கறதா இருந்தா வெள்ளியோ வெளிர் நெறமோ அடிங்க, ஒரு சொட்டு கசிஞ்சாலும் பளிச்சுன்னு காட்டிக் குடுக்கும். விக்கறதா இருந்தா கறுப்பு. ஏன்னு கேக்காதீங்க. செகப்பு எதுக்கும் ஆகாத நெறம், ஆனா ஆசைன்னு ஒண்ணு இருக்குதுல்ல, அடிங்க.

இன்னிக்கே அடிக்கறதாச் சொன்னா அம்மிணி. இது ஆடி மாசமுங்க மாப்ள. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பாயற ஊரு நம்முளுது, பல்லடம், உடுமலையெங்கும் காத்தாலையைச் சும்மா நட்டு வெக்கலை. காத்துள்ளபோதே தூத்திக்கோன்னு பெரியவங்க சொன்னது நெல்லுக்கு. ஸ்ப்ரே கேனுக்கு அது பொருந்தாது. அந்தக் காத்துல பெயிண்ட்டு மூடிக்கு வர்றதுக்குள்ளயே காஞ்சு, பொடியா வந்து சொரசொரன்னு உக்காரும். மீதி, பக்கத்தூட்டுக்காரரு கொடியில போட்டிருக்கற வெள்ளை வேட்டிக்குப் போகும். அவரோட உங்களுக்கு ஏற்கெனவே வேலித் தகராறு. மழை பேயற நாள்லயும் வேண்டாம், ஈரத்துல பெயிண்ட் வெளுத்துப் போகும். பொழுது சாஞ்சு லைட்டுப் போட்டு அடிச்சீங்கன்னா ஈசல் பட்டாளமா வந்து ஒட்டிக்கும். காத்து அடங்குன காத்தால நேரம், கார் செட்டுக்குள்ள, தரையில தண்ணி தெளிச்சுத் தூசியை அடக்கி அடிங்க. செட்டுக் கதவு தொறந்தே இருக்கட்டும், பீடி சிகரெட்டுக்காரங்க வெளிய நிக்கட்டும்.

கேனை உள்ளாற குண்டு கடகடன்னு உருள்ற வரைக்கும், அதுக்கு மேலயும் ரெண்டு நிமிசம் குலுக்குங்க. ஒரு சாண் தூரத்துக்கு மேல கையை வெச்சுக்குங்க. மூடிக்கு வெளியிலயே அமுத்தி, மூடியைத் தாண்டிப் போயித்தான் விரலை எடுக்கோணும். மொதக் கை அடிச்சா அடிச்ச அடையாளமே தெரியப்படாது, பனி விழுந்தாப் போதும். இப்பத்தான் உங்க கை பரபரங்கும், இன்னுங் கொஞ்சம் அடிச்சா இப்பவே செவந்துருமேன்னு. அடிப்பீங்க. வழியும். வழிஞ்சா விரலால தொடைக்கப் போகாதீங்க, அது அப்பறம் மூடி முழுக்கக் கைரேகை பதிஞ்ச பத்திரமாயிரும். அப்படியே காய விட்டு, நாளைக்கு உப்புத்தாள்ல தேச்சு எடுங்க. டப்பாவுல போட்டிருக்கற நேரம் விட்டு, மெலிசு மெலிசா மூணு கை. அவ்வளவுதான்.

அம்மிணி எதுக்குப் போன் பண்ணுனான்னு நெனைக்கறீங்க? பெயிண்ட்டுக்கா? ஓவனுக்குங்க. காயட்டும்னு மூடியைக் கொண்டுபோயி சமையல்கட்டு ஓவன்ல வெக்கறதா நீங்க சொன்னீங்களாம். புதூடு புகுந்தப்ப நான் சீரா வாங்கிக் குடுத்த ஓவனுங்க அது. பெயிண்ட் ஆவி ஏறுன ஓவன்ல அப்பறம் சோத்துச் சாமான் எதுவும் வெக்கப்படாது. என்ற பேரன் கேக்கு திங்கற பையன். ஒரு வாரம் வெயில் படற ஜன்னலோரம் வெச்சுருங்க. மிச்சத்தை எஞ்சினே சூடேத்திக் காய வெச்சுக்கும்.

மாட்டறதுக்கு முன்னால மூடியைச் சமையல்கட்டுக் கடப்பாக்கல் மேல கவுத்து வெச்சுப் பாருங்க, அம்மிணி இல்லாத நேரமா. ஒரு மூலை ஆடுச்சுன்னா வெளிம்பு வளைஞ்சிருக்குது, மரச் சுத்தியல்ல அலுங்காமச் சமன் பண்ணுங்க. புது கார்க் பேக்கிங் வாங்குங்க. பழசையே போட்டுக்கலாம்னு தோணும், தோணறது தப்பில்ல, போடறதுதான் தப்பு. பேக்கிங்கை மூடிப் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட்டுப் பக்கம் எண்ணெ தடவுங்க. அடுத்த தடவை கிழியாம வரும். சுத்தியும் அனபாண்டுப் பசையை அப்பி வெக்காதீங்க. பிதுங்குன துண்டு அறுந்து உள்ள உழுந்தா எண்ணெ வழியை அடைக்கும். உச்சி நட்டுக்கு அடியில ரப்பர் புஷ் ரெண்டு இருக்குது, அதைத்தான் எல்லாரும் மறந்துபோடறது. கல்லாட்டம் கெட்டிப்பட்டிருந்தா அந்த வழியாவே எண்ணெ மேல ஏறி வரும், அதையும் மாத்துங்க. நட்டைக் கையால திருகி, அப்பறம் ஸ்பானர்ல கொஞ்சமே கொஞ்சம். கசியுதுன்னு இன்னும் இறுக்கறது, அதனால வெளிம்பு வளைஞ்சு இன்னும் கசியறது, இன்னும் இறுக்கறது. நம்ம ஊருல பாதி அம்பாசிடர் மூடி அப்படித்தான் போச்சு.

முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப லேசாப் பெயிண்ட் வாசம் வரும், பயந்துராதீங்க. பதறி ஒரு வாளித் தண்ணியைக் கொண்டாந்து கொதிக்கற எஞ்சின் மேல ஊத்தறது அதைவிடக் கெடுதி.

அப்பறம், கேன்ல மிச்சம் இருந்துதுன்னா தலைகீழாப் புடிச்சு, வெறுங் காத்து வர்ற வரைக்கும் அமுத்தி வையுங்க, மூக்கு அடைக்காது. தூக்கி எறிஞ்சுராதீங்க. தோட்டத்து மோட்டார் ரூம்புல ஃபீஸ் பெட்டி மேல அபாயம்னு எழுதறதுக்குச் செகப்புப் பெயிண்ட் வேணும், ஈ.பி.க்காரரு வந்தா சத்தம் போடறாரு. உங்க கையெழுத்து வேற நல்லாருக்கும். ஞாயித்துக்கெழமை அம்மிணியையும் பையனையும் கூட்டிட்டு அந்த வண்டியிலயே வாங்க, கோழி அடிச்சு வெக்கச் சொல்றேன். ஆனா வண்டியை மட்டும் இட்டேரியிலயே நிறுத்திட்டு வாங்க மாப்ள. உங்க அத்தை வாசல்ல புதுசா டைல்ஸ் ஒட்டியிருக்கறா.